பழைய ரீல் டேப்பைக் கொம்பியூட்டருக்கு எடுக்கேக்க சத்தம் சரியா வரேல்லையா? டேப்பைக் குறை சொல்ல முதல் இதுகளைப் பாருங்கோ

ரீல் டேப் ஒண்டை மெஷின்ல போட்டோடன சத்தம் இழுபட்டு வருது, இல்லாட்டி ஆரோ தலைகீழாக் கதைக்கிற சத்தம் கூடவே கேக்குது, இல்லாட்டி எல்லாம் மங்கலாக் கிடக்குது. உடன "டேப் பழுதாப் போச்சு" எண்டு முடிவுகட்டிப்போட்டு பெட்டியோட தூக்கி எறிஞ்ச ஆக்கள் வெள்ளவத்தையில எனக்குத் தெரிஞ்சே கனபேர். அனேகமா அந்த டேப் நல்லாத்தான் இருந்திருக்கும். அந்தக் காலத்தில அதைப் பதிஞ்ச மெஷினுக்கும் இப்ப நீங்க போடுற மெஷினுக்கும் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான் பிரச்சினை.

அதால முதல் மெஷினைச் சந்தேகப்படுங்கோ, பிறகு வயரை, கடைசியாத்தான் டேப்பை. மெஷின்ல ஒண்டை மாத்தினா திருப்பியும் பழையபடி வைக்கலாம், டேப்புக்கு ஏதும் செய்துபோட்டா திருப்பேலாது.

மெஷினை எழுப்புறது

வருசக்கணக்கா அலுமாரிக்கு மேல கிடந்த மெஷினை நேர சோக்கெட்ல குத்தாதேங்கோ. உள்ளுக்க இருக்கிற பழைய கபாசிட்டர்கள் புகைஞ்சு நாறும், மோட்டர் கபாசிட்டர் வெடிச்சும் இருக்கு. பழைய ரேடியோ திருத்தின பாஸ் ஆராவது உங்கட பக்கத்தில இப்பவும் இருந்தா அவரிட்டக் குடுத்து, ஒரு குண்டு பல்ப்பை சீரியஸ்ல போட்டு முதல்தரம் கரண்ட் குடுக்கச் சொல்லுங்கோ, அவருக்கு விளங்கும். ரப்பர் பெல்ட் இருக்கிற மெஷின் எண்டா பெல்ட் உருகித் தார் பிடிச்சு நிக்கும், அதை வடிவாத் துடைச்செடுத்துப் புதுசு போடோணும், பெல்ட் இழுபட்டிருந்தா ஸ்பீட் ஒருநாளும் நிலையா நிக்காது.

பிறகு துப்புரவு. டேப்பில இருக்கிறதை வாசிக்கிற ஹெட், டேப் ஓடுற வழியில இருக்கிற கைட், சுத்தி டேப்பை இழுக்கிற கப்ஸ்டன் கம்பி எல்லாத்தையும் 99 வீத ஐசோபுரப்பைல் அல்ககோல்ல பஞ்சுக்குச்சியை நனைச்சுத் துடையுங்கோ, பஞ்சில மண்ணிறம் வராத வரைக்கும். பாமசியில விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில எண்ணெய் கலந்திருக்கலாம், 70 வீத அல்ககோல்ல தண்ணி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில எலெக்ட்ரோனிக்ஸ் சாமான் விக்கிற கடையளில சர்க்கிட் போர்ட் கழுவுற அல்ககோல் எண்டு கேட்டுப்பாருங்கோ. டேப்பைக் கப்ஸ்டனோட அமத்துற பின்ச் ரோலர் ரப்பருக்கு மட்டும் அல்ககோலை ஊத்தாதேங்கோ, மெல்லிய சவர்க்காரத் தண்ணி தொட்ட துணி போதும். ரப்பர் கண்ணாடி மினுக்கத்தோட இறுகிப்போயிருந்தா டேப் வழுக்கும், சத்தம் ஆடும்.

ஹெட்டை டீமக்னடைஸ் பண்ணுற, அதாவது அதில ஏறின காந்தத்தைப் போக்கிற கருவி வச்சிருந்தா மெஷினை ஓஃப் பண்ணிப்போட்டுப் பாவியுங்கோ. கருவியைத் தூரத்தில வச்சு ஓன் பண்ணி, மெதுவாக் கிட்டக் கொண்டுவந்து, மெதுவாத் தூரத்துக்கு எடுத்த பிறகுதான் ஓஃப். ஹெட்டுக்குப் பக்கத்தில வச்சு ஓஃப் பண்ணினா இருந்ததை விட மோசமாகும். டேப் எல்லாம் அந்த நேரம் வேற அறையில இருக்கோணும்.

முதல் போடுற டேப் தாத்தாவின்ர குரல் இருக்கிற டேப்பா இருக்கக்கூடாது. போனாலும் பரவாயில்லை எண்ட ஒரு டேப்பைப் போட்டு, இழுக்குதா, சுருட்டுதா, கசக்குதா எண்டு பாத்த பிறகு மற்றது.

ஸ்பீட்: இங்கதான் கனபேர் மாட்டுப்படுறது

வீட்டு ரீல்களில வழமையான ஸ்பீட் மூண்டு: செக்கனுக்கு 7½ இஞ்ச், 3¾ இஞ்ச், 1⅞ இஞ்ச். ஜெர்மன், ஒல்லாந்து மெஷின்களில இதையே 19, 9.5, 4.75 சென்ரிமீற்றர் எண்டு போட்டிருக்கும், ரெண்டும் ஒண்டுதான். பிழையான ஸ்பீட்ல போட்டா சரியா ரெண்டு இல்லாட்டி நாலு மடங்கு வேகம், இல்லாட்டி அரைவாசி, கால்வாசி வேகம், அதைக் காதே சொல்லிப்போடும். உங்கட மெஷின்ல 1⅞ இல்லையெண்டா மெஷின் தேடி அலைய வேண்டாம், 3¾ல ஓடவிட்டுப் பதிஞ்சு கொம்பியூட்டர்ல அரைவாசியாக் குறைச்சாச் சரி. கொஞ்சம் தரம் குறையும்தான், ஆனா கதைக்கிற குரலுக்குத் தாராளம்.

ரெண்டு மடங்கும் இல்லாம, அரைவாசியும் இல்லாம, பொம்பிளைக் குரல் ஆம்பிளைக் குரலாத் தடிச்சு, பாட்டு ஒண்டரை ரெண்டு கட்டை இறங்கி வருதெண்டா அது வேற விசயம். மெஷின் அமெரிக்காவில இருந்தோ கனடாவில இருந்தோ வந்ததோ எண்டு பாருங்கோ. அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், எங்கட இலங்கையில 50. பழைய மெஷின் கனக்கில மோட்டர் ஓடுற வேகம் கரண்டின்ர ஹெர்ட்ஸைப் பொறுத்தது, அதால 60க்குச் செய்த மெஷின் இங்க ஆறில அஞ்சு பங்கு வேகத்திலதான் ஓடும். "நான் ட்ரான்ஸ்போமர் போட்டுத்தானே குடுக்கிறன்" எண்டு கேப்பினம். ட்ரான்ஸ்போமர் 230 வோல்ட்டை 110 ஆக்கும், ஹெர்ட்ஸை அது தொடாது. ஜப்பான்ல கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60, ரெண்டும் ஒரே நாட்டுக்குள்ள, அதால ஜப்பான் மெஷின்களில அனேகமா பின்பக்கம் ஒரு சுவிட்ச் இல்லாட்டி உள்ளுக்க மாத்துற புல்லி இருக்கும், முதல் அதைத் தேடுங்கோ. ரிவொக்ஸ் ஏ77 மாதிரி எலெக்ட்ரோனிக் கட்டுப்பாட்டில கப்ஸ்டன் ஓடுற மெஷினுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. சுவிட்சும் இல்லை புல்லியும் இல்லையெண்டா அப்பிடியே பதிஞ்சு, பிறகு ஒடாசிட்டி எண்ட இலவசச் சத்தம் திருத்துற சொஃப்ட்வெயரில 20 வீதம் வேகத்தைக் கூட்டுங்கோ. டெம்போ எண்டு இருக்கிறதைத் தொடாதேங்கோ, அது குரலின்ர உயரத்தை மாத்தாது. ஸ்பீடும் பிட்சும் ஒண்டா மாறுற எஃபெக்ட்தான் வேணும்.

சரியான ஸ்பீட் எது எண்டு காதால பிடிக்கேலாட்டி ஒரு வழி இருக்கு, எனக்கு இது சரியான விருப்பம். கரண்ட்ல ஓடின மெஷின்ல பதிஞ்ச டேப் எண்டா அடியில மெல்லிய ஒரு இரைச்சல் எப்பிடியும் ஏறியிருக்கும், இலங்கையில பதிஞ்சது எண்டா அது 50 ஹெர்ட்ஸும் அதின்ர மடங்குகளும். ஒடாசிட்டியில ஆக்கள் கதைக்காம அமைதியா இருக்கிற துண்டைத் தெரிஞ்சு, எந்த ஹெர்ட்ஸ் எவ்வளவு இருக்கெண்டு வரைஞ்சு காட்டுற பிளொட் ஸ்பெக்ட்ரம் பாருங்கோ, சைஸை 65536 எண்டு வச்சா முனைகள் கூராத் தெரியும். 50ல முனை நிண்டா ஸ்பீட் சரி, 45ல நிண்டா ஐம்பதை நாற்பத்தைஞ்சால பிரிச்சு அந்த அளவுக்குக் கூட்டுங்கோ. ஆனா உங்கட மெஷினே தன்ர பங்குக்கு ஒரு 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் குடுக்கும், அது எது எண்டு அறிய டேப்பை நிப்பாட்டிப்போட்டுக் கொஞ்சம் பதிஞ்சு பாருங்கோ, அதிலயும் இருக்கிற முனை மெஷின்ர, டேப் ஓடேக்க மட்டும் வாறது டேப்பின்ர. அமெரிக்கா, கனடாவில இருந்து சொந்தக்காரர் குரலைப் பதிஞ்சு அனுப்பின சின்ன 3 இஞ்ச் ரீல் எண்டா 60ஐத் தேடோணும், மறந்துபோடாதேங்கோ. ரேடியோவில பிபிசி மணி அடிக்கிற பிப் பிப் சத்தம் தற்செயலா மாட்டியிருந்தா இன்னும் லேசு, அது 1000 ஹெர்ட்ஸ்.

பற்றரியில ஓடின கையில கொண்டுபோற மெஷின்ல பதிஞ்சதுக்கு இந்த வித்தை சரிவராது. கோயில் திருவிழா, கலியாண வீடு எல்லாம் அப்பிடித்தான் பதிஞ்சிருப்பினம். பற்றரி இறங்க இறங்க மெஷின் மெதுவா ஓடியிருக்கும், இப்ப ஒரே வேகத்தில போட்டா போகப்போக ஐயரின்ர மந்திரம் வேகமாகி, கடைசியில எலிக்குரலா வரும். துண்டு துண்டா வேகத்தைக் குறைச்சுக்கொண்டு போறதுதான் வழி, பொறுமை வேணும்.

தலைகீழாக் கேக்கிற சத்தம்

இது ட்ராக் பிரச்சினை. கால் இஞ்ச் அகல டேப்பில பழைய மோனோ மெஷின்கள் மேல்பாதியில ஒரு பக்கம், ரீலைத் திருப்பிப் போட்டுக் கீழ்பாதியில மற்றப் பக்கம் எண்டு பதியும், இது ஹாஃப் ட்ராக். பிறகு வந்த அகாய், சோனி ஸ்டீரியோ மெஷின்களில பெரும்பாலும் குவார்ட்டர் ட்ராக், டேப்பில நாலு கோடு, 1ம் 3ம் போற பக்கம், 2ம் 4ம் வாற பக்கம்.

ஹாஃப் ட்ராக் டேப்பைக் குவார்ட்டர் ட்ராக் மெஷின்ல போட்டா லெஃப்ட்ல சரியான கதை வரும், ரைட்ல மற்றப் பக்கத்துக் கதை தலைகீழா வரும். ஒண்டும் பழுதில்லை. லெஃப்டை மட்டும் எடுங்கோ, ரீலைத் திருப்பிப் போட்டுத் திரும்பவும் லெஃப்டை எடுங்கோ, முடிஞ்சுது. நேரம் இல்லாதவை ரைட்டை ஒடாசிட்டியில ரிவர்ஸ் பண்ணியும் கேக்கலாம், ஆனா திருப்பிப் போட்டு எடுத்தாத்தான் சுத்தம்.

இதின்ர மறுபக்கம்தான் தலையிடி. குவார்ட்டர் ட்ராக் டேப்பை ஹாஃப் ட்ராக் மெஷின்ல போட்டா அகலமான ஹெட் ரெண்டு கோட்டையும் ஒண்டாத் தடவி, முன்னுக்குப் போற பாட்டும் பின்னுக்குப் போற பாட்டும் கலந்து வரும். இதை எந்த சொஃப்ட்வெயரும் பிரிச்சுத்தராது, குவார்ட்டர் ட்ராக் மெஷின் ஒண்டு கடன் வாங்கிறதைத் தவிர வழியில்லை.

மூண்டாவது வகையும் இருக்கு, லெஃப்ட் காதில ஒரு நாடகம், ரைட் காதில சம்பந்தமே இல்லாத வேற பாட்டு, ரெண்டும் நேராத்தான் ஓடுது. அது டேப் மிச்சம் பிடிச்ச ஆக்களின்ர வேலை, நாலு ட்ராக்கிலயும் நாலு வெவ்வேற மோனோ பதிவு. 7 இஞ்ச் ரீல்ல 1800 அடி மெல்லிய டேப், 3¾ ஸ்பீட், எண்டா ஒரு ட்ராக் 96 நிமிசம், நாலும் சேர்ந்தா 6 மணித்தியாலம் 24 நிமிசம். ரேடியோ சிலோன்ல போன நாடகங்களையும் பாட்டுகளையும் இப்பிடித்தான் கனபேர் சேர்த்து வச்சவை. அதால முதல் அஞ்சு நிமிசம் கேட்டுப்போட்டு "இதில ஒண்டுமில்லை" எண்டு வைக்காதேங்கோ, நாலு ட்ராக்கையும் கடைசி வரைக்கும் பாருங்கோ.

மங்கலாக் கேக்குதெண்டா

ஊத்தை ஹெட்தான் முதல் காரணம், துடைச்சாச்சு எண்டா அடுத்தது டேப் முறுகியிருக்கோ பாருங்கோ. சத்தம் பதியுற காந்த மருந்து பூசின பக்கம் ஹெட்டில படோணும், நடுவில எங்கயோ ஒட்டேக்க திருப்பி ஒட்டியிருந்தா அதுக்குப் பிறகு முழுக்க மறுபக்கம் படும், சத்தமும் சின்னனாகும். மினுங்கிற பக்கம்தான் வெளிய எண்டு கண்ணை மூடிக்கொண்டு நம்பாதேங்கோ, ரெண்டு பக்கமும் மங்கலா இருக்கிற டேப்பும் இருக்கு, போட்டுக் கேட்டுத்தான் முடிவெடுக்கோணும். டேப்பை ஹெட்டோட அமத்துற சின்ன ஃபெல்ட் துண்டு சில மெஷின்களில இருக்கும், அது விழுந்திருந்தாலும் இதே மங்கல்தான்.

இதெல்லாம் சரி எண்டா அஸிமத், அதாவது ஹெட் நிக்கிற சாய்வு. ஹெட்டின்ர நுண்ணிய இடைவெளி டேப் ஓடுற திசைக்குச் சரியா 90 பாகையில நிக்கோணும், பதிஞ்ச மெஷின்ல ஹெட் கொஞ்சம் சரிஞ்சிருந்தா உங்கட மெஷின் எவ்வளவு சரியா இருந்தாலும் கீச்சுச் சத்தங்கள் செத்துப்போகும். ஹெட்டுக்குப் பக்கத்தில ஒரு ஸ்க்ரூ, பெரும்பாலும் ஸ்பிரிங்கோட இருக்கும். அது இப்ப நிக்கிற நிலையை மார்க்கர்ல அடையாளம் வச்சுப்போட்டு, ரெண்டு சனலையும் மோனோவாக் கலந்து ஹெட்ஃபோன்ல கேட்டுக்கொண்டு, மயிரிழை மயிரிழையாத் திருப்புங்கோ. ச, ஸ எழுத்துகளும் தாளச் சத்தமும் எந்த இடத்தில ஆகக் கூராக் கேக்குதோ அங்க நிப்பாட்டுங்கோ. ஹாஃப் ட்ராக் டேப்பைக் குவார்ட்டர் ட்ராக் மெஷின்ல போடுற ஆக்கள் மோனோவாக் கலக்காம லெஃப்டை மட்டும் கேட்டுச் செய்யோணும், இல்லாட்டி தலைகீழ்ச் சத்தம் குழப்பும். ஒவ்வொரு டேப்புக்கும் இதைத் திரும்பச் செய்யோணும், இதை விட்டுப்போட்டுப் பிறகு ஈக்வலைசர்ல ட்ரெபிளைக் கூட்டுறது வீண்வேலை, இரைச்சல்தான் கூடும்.

ஆனா மீடியம் வேவ் ரேடியோவில இருந்து பதிஞ்சது எண்டா அதில மேல்ச் சத்தம் ஆரம்பத்திலயே இல்லை, தேடி மினக்கெடாதேங்கோ. சோட் வேவ்ல பதிஞ்சது அலை அலையாப் பெருத்துச் சிறுத்து வாறதும் அப்பிடித்தான், அது வானத்தில நடந்தது, டேப்பில இல்லை.

டேப்பிலயே பிழை எண்டா

ரீலைப் பக்கவாட்டாத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடியுங்கோ. சுத்தின டேப்புக்குள்ளால வெளிச்சம் தெரிஞ்சா அது அசிட்டேட், தெரியாட்டி அனேகமா பொலியெஸ்டர். அசிட்டேட் காஞ்சு முறியும், ஆனா இழுபடாது, அதால முறிஞ்ச இடத்தை ஒட்டினா ஒரு எழுத்தும் போகாது. பொலியெஸ்டர் முறியாம இழுபடும், இழுபட்ட துண்டு போனது போனதுதான். பெட்டியைத் திறக்க வினாகிரி மணம் அடிச்சா அசிட்டேட் உக்கத் தொடங்கிட்டுது, அது நிக்காது, கூடிக்கொண்டுதான் போகும். மற்ற டேப்புகளுக்குப் பக்கத்தில வைக்காம அதை முதல் எடுங்கோ. வேகமா ரீவைண்ட் பண்ணவும் வேண்டாம்.

ஒட்டின இடங்கள் காய்ஞ்சு கழரும், அந்தக் காலத்தில சாதாரண செலோடேப் போட்டு ஒட்டியிருந்தா பசை வழிஞ்சு அடுத்த சுத்தையும் பிடிச்சிருக்கும். அதைக் கழட்டி, பசையைத் துடைச்சு, ஸ்ப்லைசிங் டேப் எண்டு தனியா விக்கிறதைப் பின்பக்கத்தில ஒட்டோணும்.

கொழும்பு ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்காத டேப் அதிசயம். ஓரத்தில வெள்ளையாப் பஞ்சு பஞ்சாத் தெரிஞ்சா மெஷின்ல போடாதேங்கோ, மெஷினுக்கும் மற்ற டேப்புகளுக்கும் பரவும், உங்கட நெஞ்சுக்கும் கூடாது. சிலிக்கா ஜெல்லோட இறுக்கமான பெட்டியில வச்சுக் காயவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளிய, மெல்லிய தூரிகையால தட்டி எடுங்கோ. கருவாடு மாதிரி வெயில்ல காயப்போடுற ஆக்களும் இருக்கினம், சத்தியமா வேண்டாம், டேப் நெளிஞ்சுபோகும். ஏசி அறையில இருந்து எடுத்தா பெட்டியைத் திறக்காம கொஞ்ச நேரம் வெளிய வச்சுட்டுத் திறவுங்கோ, இல்லாட்டி ஈரம் படியும்.

டேப் கிறீச்சிட்டு, ஹெட்டில மண்ணிறப் பசை ஒட்டி, கடைசியில மெஷினே நிண்டுபோச்செண்டா உடன நிப்பாட்டுங்கோ. இதுக்குத்தான் "டேப்பை ஓவன்ல வை" எண்டு இன்டர்நெட் முழுக்கச் சொல்லுவினம். அது எல்லா டேப்புக்கும் இல்லை. 1970களின்ர நடுவில இருந்து 90களின்ர தொடக்கம் வரைக்கும் வந்த, பின்பக்கம் கறுப்பு மருந்து பூசின அம்பெக்ஸ் 406, 456, ஸ்கொட்ச் 226 மாதிரியான ஸ்டூடியோ டேப்புகளில பசை ஈரத்தை உறிஞ்சி இளகிற வருத்தம் அது. அதுகளை 54 பாகை செல்சியஸ் அளவில 8 மணித்தியாலமோ அதுக்கு மேலயோ சூடாக்கி, ஆறவிட்டு, அடுத்த கிழமையளுக்குள்ள பதிஞ்சு எடுக்கலாம். சூட்டை நம்பிக்கையாக் கட்டுப்படுத்துற மெஷின் வேணும், மரக்கறி காயவைக்கிற டீஹைட்ரேட்டர் பாவிக்கிறவை. குசினி ஓவனோ மைக்ரோவேவோ இல்லை. எங்கட வீடுகளில இருக்கிற 60கள், 70களின்ர டேப் அனேகமா அசிட்டேட், சாதாரண பொலியெஸ்டர், இல்லாட்டி பிஏஎஸ்எஃப்பின்ர பழைய பிவிசி, அதுகளைச் சூடாக்கினா கெடுக்கிறது நீங்கதான்.

பாட்டுத் தொடங்க முதலே அதின்ர மெல்லிய எதிரொலி கேக்கிறது பக்கத்துச் சுத்தின்ர காந்தம் ஊறினது. போட முதல் ரெண்டு மூண்டு தரம் முன்னுக்கும் பின்னுக்கும் சுத்தினாக் கொஞ்சம் குறையும், டேப் திடமா இருந்தா மட்டும் செய்யுங்கோ.

கொம்பியூட்டருக்குள்ள

முதல்தரம் ஓடேக்கயே பதியுங்கோ, ஒத்திகை பாத்துப்போட்டு எடுப்பம் எண்டு விடாதேங்கோ, மருந்து உதிருற டேப் ரெண்டாந்தரம் அப்பிடியே வராது. ஸ்பீக்கருக்கு முன்னால ஃபோனைப் பிடிக்கிறதும் வேண்டாம். மெஷின்ர லைன் அவுட்ல இருந்து, சத்தத்தைக் கொம்பியூட்டருக்கு மாத்திக் குடுக்கிற ஓடியோ இன்டர்ஃபேஸின்ர லைன் இன்னுக்கு வயர், பழைய கிருண்டிக், பிலிப்ஸ் எண்டா 5 ஊசி டின் பிளக் வயர் தேவைப்படும். இன்டர்ஃபேஸ் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில விசாரிச்சா எடுக்கலாம். லப்டொப்பின்ர மைக் ஓட்டைக்குள்ள குத்தினா சத்தம் உடைஞ்சுதான் வரும்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் குறைஞ்சது, இடம் இருந்தா 96. ஸ்டீரியோ 96ல ஒரு மணித்தியாலத்துக்கு 2 ஜிபி அளவில போகும். லெவல் ஆகப் பெரிய சத்தத்திலயும் மைனஸ் 10 டெசிபெல் தாண்டாம வையுங்கோ, 24 பிட்ல சின்னனாப் பதிஞ்சா நட்டமில்லை, உடைஞ்சாத்தான் நட்டம். விண்டோஸ்ல ஓடியோ என்ஹான்ஸ்மென்ட் எண்டு இருக்கிறதையும் லப்டொப் நித்திரைக்குப் போற செட்டிங்கையும் நிப்பாட்டுங்கோ.

ஊமென்ற இரைச்சல் வந்தா லப்டொப் சார்ஜரைக் கழட்டிப் பற்றரியில விட்டுப்பாருங்கோ, கனதரம் அதோட போயிடும். கிர்ர்ர் எண்டு வந்தா மேல சீலிங் ஃபானின்ர ரெகுலேட்டர், வேர்த்தாலும் பரவாயில்லை ஓஃப் பண்ணுங்கோ. பதியேக்க கரண்ட் போச்செண்டா பதறாம ஸ்டொப் லீவரைத் தட்டி பின்ச் ரோலரை விடுவியுங்கோ, இல்லாட்டி டேப் அதுக்குள்ள நசிபட்டே நிக்கும்.

நொய்ஸ் ரிடக்சன் எல்லாம் கொப்பியில செய்யுங்கோ, பதிஞ்ச மூல வேவ் ஃபைலைத் தொடாதேங்கோ. பெட்டியில, ரீல்ல எழுதியிருக்கிறதை ரெண்டு பக்கமும் படம் எடுத்து அதே ஃபோல்டருக்குள்ள போடுங்கோ, எந்த ஸ்பீட், எந்த ட்ராக், என்ன திருத்தம் எண்டும் ஒரு வரி எழுதிவையுங்கோ. ஆண்டு எழுதாத ரேடியோப் பதிவெண்டா அறிவிப்பாளர் நிலையத்தின்ர பேரைச் சொல்லுற இடத்தைக் கேளுங்கோ, ரேடியோ சிலோன் கூட்டுத்தாபனமா மாறினது 1967ல, அதால கூட்டுத்தாபனம் எண்டு வந்தா அது அதுக்கு முந்தினதா இருக்கேலாது. வில்லுப்பாட்டு, கூத்து, பழைய மேடைப் பேச்சு, ஊர்க்கோயில் நாதஸ்வரம் இப்படி ஏதும் கிடைச்சா இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்து வைக்கிற நூலக நிறுவனத்தின்ர ஆவணகத்துக்கும் ஒரு கொப்பி குடுக்கிறதைப் பற்றிக் கதைச்சுப்பாருங்கோ. எடுத்து முடிஞ்ச டேப்பை ரீவைண்ட் பண்ணாம, ப்ளே ஸ்பீட்ல ஓடி முடிஞ்சபடியே, முடிவு வெளிய இருக்கிற மாதிரி பெட்டியில போட்டு நிமிர்த்தி வையுங்கோ, பெட்டிக்கு மேல "முடிவு வெளியே" எண்டு எழுதிவிடுங்கோ, அடுத்ததாத் திறக்கிற ஆள் குழம்பாம இருக்க.